மாடு பார்க்கக் கற்றோம்

‘மாடு’ என்னும் சொல்லுக்குச் ‘செல்வம்’ என்றொரு பொருள் உண்டு என்பதை நாம் எல்லோரும் திருக்குறள் வகுப்பில் படித்திருக்கிறோம். கல்வி அதிகாரத்தின் கடைசிக் குறளில் வள்ளுவர் அச்சொல்லை அந்தப் பொருளில்தான் ஆண்டிருக்கிறார். தேர்வில் கேட்டால் பிழையின்றி எழுதி, முழு மதிப்பெண்ணும் வாங்கிவிடுவோம். ஆனால் உண்மையான மாடு ஒன்றைக் கண்முன் நிறுத்தி, “இது நல்ல மாடா? ஏன் என்று சொல்லுங்கள்” என்று கேட்டால்? அந்தக் கேள்விக்கு முன்னால் நாங்கள் இருபது பேர் விழித்துக்கொண்டு நின்ற கதையைத்தான் இந்த ஆண்டு மலரில் எழுத வந்திருக்கிறோம்.

வெளியூரிலிருந்து வரும் உறவினர்களுக்கு ஆம்பூர் என்றால் பிரியாணி. வேலூர் என்றால் கோட்டையும் மருத்துவமனையும். வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்றால் தோல். 2019இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து, ராணிப்பேட்டை தனி மாவட்டமாகவும், ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்திலும் அமைந்துவிட்டன. ஆயினும் தொழில் பிரியவில்லை. எங்கள் வகுப்பில் பலருடைய தந்தையர் தோல் பதனிடும் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறார்கள். தாய்மார் பலர் காலையில் கம்பெனி பஸ் ஏறிப் போய்க் காலணியின் மேல்பகுதியைத் தைத்துவிட்டு மாலையில் திரும்புகிறார்கள். மாட்டின் தோல் எங்கள் ஊர்களுக்குச் சோறு போடுகிறது. ஆனால் அந்த மாட்டை நாங்கள் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. தெருவில் எதிரே வந்தால் பாவாடையை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒதுங்கியதோடு சரி!

எங்கள் பள்ளியில் நாட்டு நலப்பணித் திட்டம் உண்டு. காந்தியடிகளின் நூற்றாண்டான 1969இல் நம் நாட்டில் தொடங்கப்பட்ட திட்டம் அது. ஆண்டுதோறும் காலாண்டு விடுமுறையில் ஒரு கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாம் நடைபெறும். அதில் ஒரு நாள் கால்நடை மருத்துவ முகாம். நன்கு வளர்க்கப்பட்ட கிடாரிக் கன்றுகளுக்கு அன்று பரிசு கொடுப்பது வழக்கம். இவ்வாண்டு பாலாற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் முகாம் என்று முடிவானதும், அப்பகுதியின் கால்நடை மருத்துவர் எங்கள் திட்ட அலுவலரான அருட்சகோதரியைப் பார்க்கப் பள்ளிக்கு வந்தார். ஊரார் அவரை டாக்டரம்மா என்றே அழைப்பார்கள். அவர் ஒரு புதிய யோசனை சொன்னார்.

“சிஸ்டர், இந்தத் தடவை கறவை மாட்டுக்கும் ஒரு போட்டி வைக்கலாம். பரிசு கொடுக்கறது சுலபம். ஏன் கொடுத்தோம்னு நாலு பேர் முன்னால சொல்றதுதான் கஷ்டம். உங்க பிள்ளைங்க அதைச் செய்யட்டும். மூணு வாரம் சொல்லித் தரேன்.”

செய்தி கேட்டதும் வகுப்பறையில் எழுந்த சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆயிற்று. “சிஸ்டர், மாட்டுக்கு மார்க் போடணுமா?” என்று எங்களுள் ஒருத்தி கேட்டாள். சகோதரி சிரிக்காமல், “உங்களுக்கு நாங்க போடறோம் இல்லையா? ஒரு தடவை நீங்களும் போட்டுப் பாருங்க, அதுல என்ன பாடு இருக்குன்னு தெரியும்” என்றார். அதன் பொருள் அன்று எங்களுக்கு விளங்கவில்லை.

முதல் வகுப்பு கரும்பலகையில் நடந்தது. மாடுகளை வரிசைப்படுத்திக் காரணம் சொல்வது விளையாட்டல்ல, உலகெங்கும் இளைஞர்க்குக் கொடுக்கப்படும் ஒரு பயிற்சி என்று டாக்டரம்மா விளக்கினார். அமெரிக்காவில் ‘ஃபோர் எச்’ என்னும் சிறுவர் சிறுமியர் சங்கங்கள் உண்டு. அவர்கள் போட்டியில் நான்கு பசுக்களை வரிசையாக நிறுத்துவார்கள். பிள்ளைகள் அவற்றைச் சுற்றிவந்து பார்த்து, முதல், இரண்டு, மூன்று, நான்கு என்று வரிசைப்படுத்த வேண்டும். பின்பு நடுவர் முன் தனியாக நின்று இரண்டு நிமிடத்துக்குள் காரணங்களை வாயால் சொல்ல வேண்டும். வரிசைக்கு 50 மதிப்பெண் என்றால், காரணத்துக்கும் அதே 50. ‘ஹோர்ட்ஸ் டெய்ரிமேன்’ என்னும் பால்பண்ணைப் பத்திரிகை 1931 முதல் மாடுகளின் படங்களை அச்சிட்டு, வாசகர்களையே வரிசைப்படுத்தச் சொல்லிப் போட்டி நடத்தி வருகிறது. நம் நாட்டிலும் கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவர்க்கு இது செய்முறைப் பாடம். 1903இல் தொடங்கிய சென்னைக் கல்லூரியில் படித்த காலத்தில், நாலாம் இடத்து மாட்டை முதலாவதாக வைத்துவிட்டு வகுப்பே சிரிக்க நின்றதைச் சொல்லி, டாக்டரம்மா தாமே சிரித்தார். எங்களுக்குச் சற்றுத் தைரியம் வந்தது.

நான்கு மாடுகளை எத்தனை விதமாக வரிசைப்படுத்தலாம்? எங்கள் கணக்கு ஆசிரியை இதைக் கேட்டதும் மகிழ்ந்துபோனார். நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று ஆகியவற்றைப் பெருக்கினால் 24. ஆக, 24 வழிகளில் ஒன்றே ஒன்றுதான் நடுவரின் வழி. குருட்டாம்போக்கில் எழுதித் தப்பிக்க முடியாது!

அடுத்து மதிப்பெண் அட்டை. நாங்கள் பயன்படுத்தியது கல்லூரிகளில் நெடுங்காலமாக வழங்கும் பழைய அட்டை. மொத்தம் 100. பொதுத் தோற்றத்துக்கு 30, பால் மாட்டுக்குரிய குணத்துக்கு 20, உடலின் கொள்ளளவுக்கு 20, மடிக்கு 30. இப்போது அமெரிக்க அட்டையில் மடிக்கு மட்டும் 40 கொடுக்கிறார்கள் என்று டாக்டரம்மா கூறினார். மடி கெட்டால் மாடு கெட்டது. ஆகவே அது நியாயமே.

பொதுத் தோற்றம் என்றால் அழகு என்று நினைத்துவிட்டோம். அதுவல்ல. முதுகு நேராக இருக்கிறதா, இடுப்பு அகன்று சமமாக இருக்கிறதா, கால்கள் நேராக ஊன்றியிருக்கின்றனவா, குளம்பு சரியாக உள்ளதா என்பதெல்லாம் அதில் அடக்கம். பால் மாட்டுக்குரிய குணம் என்பது இன்னும் நுட்பமானது. நல்ல கறவை மாட்டைப் பக்கவாட்டில் பார்த்தால் ஆப்பு வடிவம் தெரியும். முன்னால் ஒடுங்கி, பின்னால் விரிந்திருக்கும். மேலிருந்து பார்த்தாலும் அப்படியே. முன்னாலிருந்து பார்த்தால் தோளின் உச்சி கூர்மையாகவும், மார்பு அகன்றும் இருக்கும். கழுத்து மெலிந்து நீண்டிருக்கும். விலா எலும்புகள் தள்ளித் தள்ளி அமைந்திருக்கும். தோல் மெல்லியதாய், கையில் பிடித்தால் வழுக்கிக்கொண்டு போகும். உண்ட தீவனத்தைச் சதையாக்கிச் சேர்த்து வைக்கும் மாடு வேறு. பாலாக்கிக் கொடுத்துவிடும் மாடு வேறு.

“கொழுகொழுன்னு இருந்தா நல்ல மாடுன்னு நினைக்காதீங்க” என்று டாக்டரம்மா மூன்று முறை சொன்னார். நாங்களும் மூன்று முறை எழுதிக்கொண்டோம். எழுதியது எங்களுக்கு உதவியதா என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

செய்முறைப் பயிற்சிக்கு மாடு வேண்டுமே! எங்கள் தோழி ஒருத்தியின் வீட்டில், முகாம் நடக்கவிருந்த அதே ஊரில், செவலை நிறத்தில் ஒரு ஜெர்சி கலப்புப் பசு இருந்தது. மூன்றாம் ஈற்று. தோழியின் தாயார் காலணிக் கம்பெனியில் தையல் வேலை பார்ப்பவர். அதிகாலையில் எழுந்து, கறந்து, சொசைட்டியில் பாலை ஊற்றிவிட்டுத்தான் பஸ் ஏறுவார். சனிக்கிழமைகளில் நாங்கள் அங்கே போனோம். இருபதடி தள்ளி நின்று முதலில் முழு மாட்டையும் பார்க்க வேண்டும். ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது. பிறகு பின்னால், முன்னால், கடைசியில்தான் அருகே. முதல் நாள் நாங்கள் பின்பக்கம் போனபோது செவலை வாலைச் சுழற்றிய வீச்சில், எங்கள் குறிப்பேடுகள் சாணமும் கோமியமுமாகிவிட்டன. எங்களுள் இருவர் அன்றே ‘மாடு வேண்டாம், முதலுதவிப் பிரிவு போதும்’ என்று விண்ணப்பித்தனர். சகோதரி அதை ஏற்கவில்லை.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தைக்குப் போனோம். வேலூருக்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டிச் செவ்வாய்தோறும் கூடும் அந்த மாட்டுச் சந்தையைப் பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறோமே தவிர, உள்ளே போனதில்லை. விடியும் முன்பே வேன்களில் மாடுகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. எங்கள் சீருடையைப் பார்த்த தரகர் ஒருவர், “இன்னா பாப்பா, மாடு வாங்க வந்தீங்களா, பரீட்சை எழுத வந்தீங்களா?” என்று கேட்டார். இரண்டும்தான் என்று சகோதரி பதில் சொன்னதும், அவர் எங்களுக்கு ஆசிரியராகிவிட்டார்.

அவர் ஒரு மாட்டின் வாயைத் திறந்து பல்லைக் காட்டினார். பசுவுக்கு முன்பற்கள் கீழ்த்தாடையில்தான். பால் பற்கள் விழுந்து முதல் இரண்டு நிலைப்பற்கள் முளைக்கும்போது வயது இரண்டுக்கு மேல். நான்கு பல் என்றால் ஏறத்தாழ மூன்று. எட்டும் முளைத்துக் கடை சேர்ந்துவிட்டால் ஐந்தை நெருங்கிவிட்டது. சான்றிதழ் இல்லாத ஊரில் பல்லே பிறப்புச் சான்றிதழ்! விலை பேசும்போது வாய் பேசவில்லை. துண்டுக்கு அடியில் இருவரும் கை கோத்து, விரலைத் தொட்டே பேரம் நடத்தினார்கள். பக்கத்தில் நிற்பவருக்கு விலை தெரியக்கூடாதாம்.

பிறகு அவர் சுழிகளைப் பற்றிக் கூறினார். முதுகில் ஏறு பூரான் நல்லது, இறங்கு பூரான் ஆகாது; பாடைச் சுழி இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதே. நல்ல பால் மாடு ஒன்று சுழியினாலேயே விலை குறைந்து நிற்பதைக் கண்ணால் கண்டோம். இதை டாக்டரம்மாவிடம் சொன்னபோது அவர், “சுழி ரோமத்துல இருக்கு, பால் மடியில இருக்கு. ரெண்டுக்கும் சம்பந்தம் இல்ல. ஆனா தரகரைக் கேலி பண்ணாதீங்க. பல்லைப் பத்தி அவர் சொன்னது பாடப் புத்தகத்துல இருக்கறதுதான்” என்றார். ஒரே மனிதரிடம் கொள்ளத் தக்கதும் தள்ளத் தக்கதும் இருக்கும் என்பது எங்களுக்குப் புதிய பாடம்.

மூன்றாவது பாடம் நாங்கள் எதிர்பாராத இடத்தில் கிடைத்தது. எங்களுள் ஒருத்தியின் தந்தையார் தோல் தொழிற்சாலையில் ரகம் பிரிக்கும் வேலையில் முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவர். மாட்டுக்கு மார்க் போடும் எங்கள் கதையை மகள் வீட்டில் சொல்ல, “நானும் தினம் அதைத்தானே செய்யறேன்? கூட்டிட்டு வா” என்றாராம். உரிய அனுமதி பெற்று ஒரு நாள் மாலை போனோம். வாடை மூக்கைத் துளைத்தது. அங்கு வேலை செய்பவர் மனம் நோகக்கூடாது என்பதால் ஒருவரும் மூக்கைப் பொத்தவில்லை. வடக்குப் பார்த்த சன்னலருகே ஒரு நீண்ட மேசை. வடக்கு வெளிச்சம் நாளெல்லாம் ஒரே சீராக இருப்பதால் ரகம் பிரிக்க அதுவே ஏற்றதாம். குரோம் ஏற்றிய தோல்கள் இளநீல நிறத்தில் அடுக்கப்பட்டிருந்தன.

அவர் ஒரு தோலை விரித்து, புத்தகம் படிப்பதுபோல் படித்தார். “இதோ பாருங்க, இந்தச் சின்னச் சின்னக் குழியெல்லாம் உண்ணி கடிச்ச இடம். உண்ணி எடுக்காத மாடு. இந்தக் கோடு முள்வேலி கிழிச்சது. இந்த வட்டம் சூடு போட்டது. வயித்து வலின்னு யாரோ பழுக்கக் காய்ச்சி வெச்சிருக்காங்க. இங்க கழுத்துல தடிச்சிருக்கே, இது ஏர் பூட்டின மாடு.” அம்மை போன்ற தழும்புகள் நிறைந்த தோல் ஒன்றையும் காட்டினார். 2022இல் நம் நாட்டின் பல மாநிலங்களில் பரவி ஏராளமான மாடுகளைக் கொன்ற தோல் கழலை நோயின் வடு அப்படித்தான் இருக்கும் என்று டாக்டரம்மா பின்னர் விளக்கினார்.

“மாடு உயிரோட இருக்கறப்ப யாரும் பார்க்காததை நான் செத்தப்புறம் பார்க்கறேன். நான் குறை கண்டுபிடிச்சு என்ன பிரயோஜனம்? மாட்டுக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல. நீங்க உயிரோட இருக்கறப்பவே பார்க்கறீங்க. நல்லாப் பாருங்க பிள்ளைங்களா” என்றார் அவர். வரும் வழியில் நாங்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

முகாமின் ஐந்தாம் நாள் போட்டி. பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் ஊரே கூடிவிட்டது. சினை ஊசி, குடற்புழு மருந்து எல்லாம் முடிந்தபின் நான்கு கறவை மாடுகள் வரிசையில் நின்றன. முதல் எண் கறுப்பும் வெள்ளையுமான பெரிய கலப்புப் பசு. உடம்பில் எண்ணெய் தடவியதுபோல் மினுமினுப்பு; மடி குடத்தைக் கவிழ்த்ததுபோல் இருந்தது. இரண்டாம் எண் எங்கள் தோழி வீட்டுச் செவலை. விலா எலும்பை எண்ணிவிடலாம். மூன்றாவது மான் நிறப் பசு, நடுத்தரம். நான்காவது ஆறு கன்று ஈன்ற வயதான பசு. அதைப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டி.

எங்கள் தோழியும் அவளுடைய தாயாரும் செவலையின் கயிற்றைப் பிடித்திருந்தனர். எனவே அவளை நீக்கி நாங்கள் பத்தொன்பது பேர் எழுதினோம். பதினைந்து நிமிடம். சீட்டுகளைப் பிரித்துப் பார்த்தபோது பதினாறு பேர் கறுப்பு வெள்ளைக்கு முதலிடம் கொடுத்திருந்தோம். கொழுகொழுவென்று இருப்பதை நம்பாதே என்று மூன்று முறை எழுதிய கைகள்தாம்!

டாக்டரம்மா ஒன்றும் சொல்லாமல் நான்கு மாடுகளையும் எல்லோர் முன்னும் கறக்கச் சொன்னார். கறந்து முடித்ததும் எங்களை அழைத்து மடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். மான் நிறப் பசுவின் மடியும் செவலையின் மடியும் காலியான துணிப்பைபோல் சுருங்கி மடிந்துவிட்டன. கறுப்பு வெள்ளையின் மடியோ கறப்பதற்கு முன் எப்படி இருந்ததோ ஏறக்குறைய அப்படியே இருந்தது. உள்ளே இருந்தது பெரும்பாலும் சதை. “இதுக்குப் பேர் சதை மடி. பார்வைக்குப் பெரிசு, பாத்திரத்துக்குச் சிறிசு” என்றார். ஊரார் சிரித்தனர். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். நடுவரின் வரிசை: மான் நிறம், செவலை, கறுப்பு வெள்ளை, கிழப்பசு. எங்களுள் இருவர் மட்டுமே அதைச் சரியாக எழுதியிருந்தனர்.

சரியாக எழுதிய இருவரில் ஒருத்தி காரணம் சொல்ல அழைக்கப்பட்டாள். அவள் செவலை வீட்டுத் தோழிக்கு உயிர்த்தோழி. நன்றாகத்தான் தொடங்கினாள். “மூன்றாம் எண்ணுக்கு முதலிடம் தருகிறோம். இடுப்பு சமமாக அகன்றிருக்கிறது. மடி நான்கு பாகமும் ஒரே சீராக, முழங்காலுக்கு மேலே உறுதியாகப் பொருந்தியிருக்கிறது. இரண்டாம் எண்ணுக்கு இரண்டாமிடம்…” என்று சொல்லி, செவலையின் ஆப்பு வடிவத்தையும், அகன்ற விலாவையும், மென்மையான மடியையும் புகழ்ந்தாள். அத்துடன் நின்றுவிட்டாள்.

“சரி. இவ்வளவு நல்லா இருந்தா அது ஏன் முதல்ல வரல?” என்று கேட்டார் டாக்டரம்மா.

அவளுக்குத் தெரியும். எங்கள் எல்லோருக்குமே தெரியும். மூன்று சனிக்கிழமை பார்த்திருக்கிறோமே! பின்னங்கால் குளம்புகள் வெட்டப்படாமல் செருப்பின் நுனிபோல் வளர்ந்து வளைந்திருந்தன. அதனால் செவலை குதிகாலில் சாய்ந்து நின்றது. தொடையிடுக்கிலும் மடியின் பின்புறத்திலும் உண்ணி. ஆனால் அந்தத் தாய் கம்பெனியில் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு, நீல மேலங்கியைக்கூடக் கழற்றாமல் எதிரே நிற்கிறார். எங்களுக்கு மூன்று சனிக்கிழமையும் டீ போட்டுக் கொடுத்தவர். அவர் முகத்தைப் பார்த்து, ஊரார் முன் எப்படிச் சொல்வது? நாங்கள் பத்தொன்பது பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அந்த மௌனத்தைக் கலைத்தவர் அந்தத் தாயேதான். “சொல்லும்மா. வீட்டாண்ட வந்தப்பவே பாத்துட்டு இத்தினி நாளு மனசுலயே வெச்சிருந்தியா? சொன்னாத்தானே எனக்குத் தெரியும்?”

பிறகு அவள் சொன்னாள். குரல் நடுங்கினாலும் முழுவதையும் சொன்னாள். அந்தத் தாய் குனிந்து செவலையின் குளம்பைப் பார்த்தார். தொடையிடுக்கில் கைவிட்டு ஓர் உண்ணியைப் பிடுங்கி நசுக்கினார். “காலைல இருட்டுல கறக்கறேன், ராத்திரி இருட்டுல கட்டறேன். கண்ணுக்குப் படல” என்றார். அது சமாதானம் அன்று, உண்மை.

பின்பு அவர் டாக்டரம்மாவிடம் ஒரு கேள்வி கேட்டார். “எலும்பு தெரியுதேன்னு எல்லாரும் பாக்கறாங்க. எங்க கெணத்துத் தண்ணி வாய்ல வெக்க முடியாத உப்பு. மாடு மோந்து பாத்துட்டுத் திரும்பிக்கும். பஞ்சாயத்துக் கொழாயில இருந்து தெனம் நாலு கொடம் தூக்கியாரேன். இந்த மார்க்கு அட்டைல தண்ணிக்கு எத்தினி மார்க்கு டாக்டரம்மா?”

டாக்டரம்மா சற்று நேரம் பேசவில்லை. “அதுக்குக் கட்டம் இல்லம்மா” என்றார்.

தோழியரே, எங்கள் மூன்று வாரப் படிப்பும் அந்த ஒரு பதிலில் வந்து நின்றது. பாலில் ஏறக்குறைய 87 விழுக்காடு தண்ணீர்தான். கறவைப் பசுவுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேலும் தேவைப்படும். அது இங்கே இடுப்பில் வருகிறது. தோலைக் கெடாமல் வைக்க உப்புப் போடுகிறார்கள். பதனிடும்போது அந்த உப்பு கழிவுநீரோடு வெளியேறுகிறது. சுத்திகரிக்காமல் விட்ட காலங்களில் பாலாற்று மணலிலும் கிணறுகளிலும் இறங்கியது. இது பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உறுதிப்படுத்தியது. சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் தீர்ப்பு அது. ஊர்களில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்குகின்றன. ஆனால் மண்ணில் ஒருமுறை இறங்கிய உப்பு தீர்ப்பைப் படித்துவிட்டு வெளியேறிவிடுவதில்லை. எங்கள் கல்விக் கட்டணம் அந்தத் தொழிலிலிருந்து வருகிறது; செவலையின் மெலிவில் ஒரு பங்கும் அதிலிருந்தே வருகிறது. இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

ஆகவே, மதிப்பிடுவது என்பதில் இரண்டு கடமைகள் இருப்பதாக இப்போது எங்களுக்குத் தோன்றுகிறது. கண்ட குறையை, அன்புக்குரியவர் எதிரே நின்றாலும், காரணத்தோடு சொல்ல வேண்டும். சொல்லாத குறையை யாரும் திருத்த முடியாது. அதே சமயம், அட்டையில் கட்டம் இல்லாதது எது என்றும் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீரின் குறையை மாட்டின் குறையாகவும், மாட்டின் குறையை வளர்த்தவரின் குறையாகவும் எழுதிவிடுவோம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். அன்று மாலையே செவலையைக் கட்டிப்போட்டுக் குளம்பு வெட்டினார்கள். நாங்கள் தலைக்கயிற்றைப் பிடித்தோம். உண்ணிக்கு மருந்து கொடுக்கப்பட்டது. கறுப்பு வெள்ளையின் உரிமையாளர் முதலில் கோபித்துக்கொண்டாலும், தீவனத்தில் எதைக் குறைப்பது என்று பிறகு தனியே வந்து கேட்டுச் சென்றார். நான்காம் இடத்துக் கிழப்பசுவுக்கு மடி தளர்ந்து தொங்கியது. ஒரு காம்பு மடிநோயில் வற்றியிருந்தது. இந்தக் குறைகளைச் சொன்னபோது பாட்டி சிரித்துக்கொண்டே, “ஆறு ஈத்து பாத்தவ. உனக்கும் ஆறு பொறந்தா தெரியும்” என்றார். அன்றைய சிரிப்பில் உரத்தது அதுதான். முதல் பரிசு எவர்சில்வர் குடம். இரண்டாம் பரிசு எவர்சில்வர் வாளி. வாளியைப் பெற்றுக்கொண்ட அந்தத் தாய், “கொடமா இருந்திருந்தா தண்ணிக்கு ஒதவியிருக்கும்” என்று சொன்னதை நாங்கள் மறக்கவில்லை. முகாம் அறிக்கையில், ஊரார் கையொப்பத்துடன், தெருவுக்கு இன்னொரு குடிநீர்க் குழாய் வேண்டும் என்ற விண்ணப்பமும் சேர்க்கப்பட்டது.

பள்ளிக்குத் திரும்பியபின் அரையாண்டுத் தேர்வு வந்தது. முன்னேற்ற அறிக்கையும் வந்தது. கட்டங்களில் எண்கள். நாங்கள் சகோதரியிடம் சென்று, “சிஸ்டர், நாங்க மாட்டுக்கே ரெண்டு நிமிஷம் காரணம் சொன்னோமே…” என்று இழுத்தோம். அவர் சிரித்துவிட்டு, “சொன்னா அழக்கூடாது” என்று நிபந்தனை விதித்தார். ஒவ்வொருத்திக்கும் ஒரு வரி எழுதித் தந்தார். எங்களுள் சிலர் அழுதோம் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டவர் எவரும் இல்லை. வீட்டில் இரவு விளக்கணைத்த பின் யார் படிக்கிறார்கள், யார் தம்பியைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதற்கு அறிக்கையில் கட்டம் இல்லை என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அதையும் அந்த ஒரு வரியில் எழுதியிருந்தார்.

இதை எழுதும்போது செவலை சினையாக இருக்கிறது. பொய்கைச் சந்தைக்கு ஓட்டிவிடலாமா என்று யோசித்ததாகவும், அடுத்த ஈற்று வரை பார்க்கலாம் என்று வைத்துக்கொண்டதாகவும் தோழியின் தாயார் சொல்கிறார். குளம்பு வெட்டிய பின் செவலை நேராக நிற்கிறது. குழாய் இன்னும் வரவில்லை. விண்ணப்பத்தின் நகல் எங்களிடம் இருக்கிறது.

அடுத்த ஆண்டு முகாமுக்குச் செல்லவிருக்கும் இளைய தோழியருக்கு ஒரு சொல். மாட்டின் பின்னால் நிற்கும்போது குறிப்பேட்டை உயர்த்திப் பிடியுங்கள். மினுமினுப்பைப் பார்த்து மயங்காதீர்கள். கறந்த பின் ஒரு முறை தொட்டுப் பாருங்கள். காரணம் சொல்ல அழைத்தால் தரையைப் பார்க்காதீர்கள். எதிரே கயிற்றைப் பிடித்து நிற்பவர், நீங்கள் நினைப்பதைவிட உறுதியானவர்.